மியூட் போட்ட எட்டு மாதம்

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு அந்த அம்மாவைத் திட்டி வந்த கடிதங்களை மேசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். "பெற்ற பெண் தேர்வுக்குக் கிளம்புகிறாள். வாசல்வரை வந்து நல்லபடியா போய்ட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. வரவில்லைதான். எனக்கும் கோபம்தான். ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரத்தையும் படித்துவிட்டு அப்புறமும் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. அப்பா லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்யும்போது தவறி விழுந்தார். தலையில் அடி. அன்றிலிருந்து கட்டில்தான். அம்மா தையல்காரி. ஒரே பெண், பதினேழு வயசு, பள்ளியில் கடைசி வருஷம். அவளை வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆறு வருஷமாகிறது. அப்பா வைத்த பட்டப்பெயர்தான் நிலைத்துவிட்டது: பீப்பி.

அது வந்த கதையும் சின்னதுதான். பள்ளியில் வாத்தியம் தேர்ந்தெடுக்கும் நாள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். இவள் உதட்டைப் பார்த்துவிட்டுக் கிளாரினெட் என்று எழுதிவிட்டார்கள். இவள் ட்ரம்பெட்டை விட்டுக் கையை எடுக்கவில்லை. வேலை உடுப்போடு ஓடிவந்திருந்த அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் எட்டாவது மாடியில இருப்பேன். நீ கீழ நின்னு ஊதினா எனக்குக் கேட்குமா இது?"

பெண் கன்னம் இரண்டும் உப்ப ஊதினாள். எருமை கனைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "கேட்கும் கேட்கும்! பீப்பிக்கு ட்ரம்பெட்டே எழுதுங்க சார்" என்றார் அப்பா. அப்படித்தான் ஆயிற்று.

அவர் விழுந்த பிறகு, வீட்டில் சத்தமே கூடாது என்று டாக்டர் சொன்னதாக அம்மா சொன்னாள். ரேடியோ போயிற்று. மிக்ஸி பரணுக்குப் போயிற்று. அம்மாவின் தையல் மெஷினே உறை போட்டு மூலையில் நின்றது. அவள் பட்டன் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது என்று கைவேலையை மட்டும் கடையிலிருந்து வாங்கி வந்தாள். பெண்ணின் சனிக்கிழமை ட்ரம்பெட் வகுப்பு நின்றது. அப்போதுதான் சித்தி, போனால் போகிறது என்று ஒரு மியூட் வாங்கிக் கொடுத்தாள். ட்ரம்பெட்டின் அகன்ற வாயில் செருகி அடைக்கிற கூம்பு. செருகிவிட்டால் உள்ளே எவ்வளவு ஊதினாலும் வெளியே கொசு பறக்கிற அளவுதான் கேட்கும்.

பின்பக்கத்துச் சாமான் அறை. கதவிடுக்கில் ஈரத்துணி. கையில் மியூட் போட்ட ட்ரம்பெட், எதிரே சுருதி காட்டும் ஃபோன். எட்டு மாதம், ஒரு நாள் தவறாமல் இரண்டு மணி நேரம்.

எதற்காக? மாணவர் இசைக்குழுவில் ஒரே ஒரு ட்ரம்பெட் இடம் காலி. பதினெட்டு வயசுக்குள் இருக்க வேண்டும், அதனால் அவளுக்கு இது ஒன்றுதான் வாய்ப்பு. அவள் ஊதுகிற ட்ரம்பெட் பள்ளியுடையது. வருகிற வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்தாக வேண்டும். குழுவில் இடம் கிடைத்தால் அவர்களே ஒன்று கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் அவள் கையில் ட்ரம்பெட் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இனி இன்றைய நாள்.

தேர்வுக்கூடத்து நடையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளாளுக்குச் சுவரைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தார்கள். காது கிழிந்தது. பீப்பி பெட்டியைத் திறந்தாள், வால்வுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள், பழக்கத்தில் மியூட்டை எடுத்துச் செருகினாள்.

பக்கத்தில் இருந்த குண்டுப் பெண் முழங்கையால் இடித்தாள். "எதுக்குடி அது? இங்க யாரு தூங்கறா?"

"இல்ல... பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தொந்தரவா இருக்கும்."

"தொந்தரவா? அங்க பாரு, அவன் ஊதற ஊதுல ஜன்னல் கண்ணாடி ஆடுது. நீ ஒருத்திதான் இங்க மரியாதை பாக்கற!"

பீப்பி சிரித்துக்கொண்டாள். ஆனால் மியூட்டை எடுக்கவில்லை. எடுக்கக் கூச்சமாக இருந்தது. தன் சத்தம் வெளியே கேட்கிற இடத்தில் ஊதி எட்டு மாதமாகிறது என்பது அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை. ஃபோனைப் பார்த்தாள். முள் நட்டநடுவில் அசையாமல் நின்றது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

உள்ளே நீள அறை. பியானோ முன்னால் ஒருவர். மேசைக்குப் பின்னால் இசைக்குழுவை நடத்தும் அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் படிவத்தைப் பார்த்தார்.

"மியூட்டை எடுத்துடும்மா. முதல்ல சுருதி சேர்த்துக்கோ."

பியானோ ஒரு சுரம் கொடுத்தது. பீப்பி ஊதினாள். அவள் காதுக்கே எட்டிவிட்டது: கீழே இருந்தது. கொஞ்சம் இல்லை, நன்றாகவே கீழே.

"குழாயை உள்ள தள்ளு, சுருதி ஏறும்" என்றார் அந்த அம்மாள்.

தள்ளினாள். அப்போதும் கீழே. இன்னும் தள்ளினாள். அதற்கு மேல் தள்ள இடமில்லை.

"பரவால்ல. ஆரம்பி."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஊதுவாளே, அந்தப் பாட்டுதான். ஆனால் ஊத ஊத மூச்சு எங்கே போகிறது என்றே தெரியவில்லை. மியூட் இருந்தபோது காற்றுக்கு எதிரே ஏதோ ஒன்று தாங்கி நின்றது. இப்போது கதவைத் திறந்துவிட்ட மாதிரி அத்தனையும் ஓடிப் போயிற்று. மூன்றாம் வரியில் மூச்சு முட்டியது. நாலாம் வரியில் உதடு நடுங்கியது. பியானோ ஒரு பக்கம் போக, இவள் அதற்கு ஒரு படி கீழே தடவிக்கொண்டே போனாள்.

அம்மாள் கையைத் தூக்கி நிறுத்தினார். கோபமாக இல்லை. அதுதான் பீப்பிக்குப் பயமாக இருந்தது.

"வீட்டுல மியூட் போட்டுத்தான் பழகறியா?"

"ஆமாம் மேடம்."

"எப்பவுமேவா?"

"எட்டு மாசமா. வீட்டுல அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. சத்தம் ஆகாது."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்த மியூட் சுருதியை மேல தூக்கும்மா. நீ ஃபோனைப் பாத்துப் பாத்து அதை உதட்டால கீழ இறக்கிப் பழகியிருக்க. இப்ப மியூட் இல்ல, உதடு மட்டும் இன்னும் இறக்கிட்டே இருக்கு. விரலெல்லாம் சுத்தமா இருக்கு, தாளம் நல்லா இருக்கு. யாராவது கூட இருந்து வாரம் ஒரு தடவை திறந்து ஊதச் சொல்லியிருந்தா போதும்."

"சரி பண்ண முடியாதா மேடம்?"

"ஏன் முடியாது? ரெண்டு மாசம் திறந்து ஊது, தானா சரியாயிடும்."

"அப்ப ரெண்டு மாசம் கழிச்சு..."

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் பேர் கொடுக்கணும்மா. இருக்கறது ஒரு இடம்."

பீப்பி தலையாட்டினாள். நன்றி மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். குண்டுப் பெண் ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். திரும்பி நடந்தே வந்தாள். அழுதுகொண்டுதான் வந்தாள். தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வழக்கமாக ட்ரம்பெட் பெட்டி பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் போகும். அப்பா கண்ணில் பட்டால் மனசு கஷ்டப்படுவார் என்று அம்மா போட்ட சட்டம். இன்றைக்கு அழுகையில் அது மறந்துபோய் முன்வாசல் வழியாகவே நுழைந்துவிட்டாள்.

அப்பா கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை முதலில் பெட்டிக்குப் போயிற்று, அப்புறம்தான் அவள் முகத்துக்கு.

"பீப்பி." அவருக்கு இப்போது பேச்சு மெதுவாகத்தான் வரும். வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுப்பார். "அது... இன்னும்... உன்கிட்டதான் இருக்கா?"

பீப்பி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாம்ப்பா."

"நான் நினைச்சேன்... நீ விட்டுட்டேன்னு."

"விடலப்பா."

"எட்டு மாசமா... காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன். ஒரு நாளும் கேட்கல. நம்மால... பொண்ணு இதையும் விட்டுட்டான்னு... கேட்கக்கூட எனக்கு வாய் வரல."

பீப்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்குத்தான் சத்தம் ஆகாதேப்பா. டாக்டர் சொல்லியிருக்காரே."

அப்பா நெற்றியைச் சுருக்கினார். "அது... அப்போ. முதல் ஆறு வாரம். அப்புறம் டாக்டரே சொன்னாரு, ரேடியோ கேளுங்க... பாட்டு கேளுங்க... நல்லதுன்னு. உங்கம்மாகிட்டதான் சொன்னாரு."

"ரேடியோ?"

"ரிப்பேருக்குப் போயிருக்காமே." அப்பா லேசாகச் சிரித்தார். "ஆறு மாசமா ரிப்பேர். அந்தக் கடைக்காரன்... ரேடியோவைப் புதுசாவே செஞ்சுட்டிருக்கான் போல."

பீப்பி சிரிக்கவில்லை. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே ஊசியை நிறுத்தினாள். "கிடைக்கலையா?"

"ஆறு வாரம்தானாமே" என்றாள் பீப்பி.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த வீட்டில் அன்று நடந்த சண்டை குசுகுசுவென்றே ஆரம்பித்தது. எட்டு மாதப் பழக்கம். சத்தம் போட்டால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொண்ட பெண்ணும் குசுகுசுவென்றுதான் கேட்டாள், தெரிந்தே மறைத்த அம்மாவும் குசுகுசுவென்றுதான் பதில் சொன்னாள்.

"யார் சொன்னா?"

"அப்பா சொன்னாரு. டாக்டர் உன்கிட்ட சொன்னாராம். பாட்டு கேட்டா நல்லதுன்னு சொன்னாராம். சொன்னாரா இல்லையா?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சொன்னாரு."

"அப்புறம் ஏம்மா? என்னை ஏன் அந்த ரூம்ல வெச்சு அடைச்ச? ஈரத்துணி வேற! மியூட்டாலதாம்மா போச்சு. அந்த மேடம் சொன்னாங்க, வாரம் ஒரு நாள் திறந்து ஊதியிருந்தா போதுமாம். ஒரே ஒரு நாள்! விரல் சுத்தமா இருக்குன்னாங்க, தாளம் நல்லா இருக்குன்னாங்க. எல்லாம் இருந்தும் போச்சும்மா!"

"மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா பேசணும்?" என்று கத்தினாள் பீப்பி.

அந்த வீட்டில் எட்டு மாதத்தில் உயர்ந்த முதல் குரல் அது. அம்மா கையைத் தூக்கி அவளை நிறுத்திவிட்டு, கழுத்தைத் திருப்பி, கட்டில் இருந்த அறைப்பக்கம் காதைக் கொடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அங்கிருந்து அப்பா லேசாகச் செருமுகிற சத்தம் வந்தது. அதற்கப்புறம்தான் அம்மா மூச்சு விட்டாள்.

பீப்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மா இப்படிக் கழுத்தைத் திருப்புவதை அவள் தினம் ஐம்பது தடவை பார்த்திருக்கிறாள். என்னவென்று கேட்டதில்லை.

"அப்பா கட்டில்ல இருந்து விழுந்தாரே, புருவத்துல தையல் போட்டுச்சே, ஞாபகம் இருக்கா?" என்றாள் அம்மா.

"இறங்கறப்போ கால் தடுக்கி."

"கால் தடுக்கி இல்ல. வலிப்பு."

பீப்பி சுவரில் சாய்ந்தாள்.

"நான் இங்கதான் நின்னேன். ஆறு வாரம் முடிஞ்சு அன்னைக்குத்தான் மிக்ஸியைப் பரண்ல இருந்து இறக்கியிருந்தேன், அது ஓடிட்டிருந்துச்சு. நிறுத்தி, ஜாரைக் கழுவி, அப்புறம்தான் அந்தப் பக்கம் போனேன். தரையில கிடக்கறாரு. வாயெல்லாம் நுரை. எவ்வளவு நேரமா கிடந்தாரோ, எனக்குத் தெரியாது. டாக்டர் கேட்டாரு, எவ்வளவு நேரம் இருந்துச்சும்மான்னு. எனக்குத் தெரியல. நாலடி தூரத்துல நின்னுக்கிட்டு எனக்குத் தெரியலடி!"

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அவருக்கே சொல்லல. விழுந்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும். மாத்திரை கொடுக்கறாங்க, அதுக்கப்புறம் வரல. வராதுன்னுதான் சொல்றாங்க. ஆனா எனக்கு அவர் மூச்சு கேட்டுக்கிட்டே இருக்கணும். கேட்கலேன்னா கை கால் ஓடல. மெஷின் ஓடினா கேட்காது. ரேடியோ பாடினா கேட்காது. நீ ஊதினா..." அம்மா கையிலிருந்த சட்டையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். "உனக்குத் தேர்வு இருக்குன்னு தெரியும். இப்படி ஆகும்னு தெரியாதுடி. அந்தக் கூம்பு உன் ஊதலைக் கெடுக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? பொண்ணும் பழகறா, எனக்கும் மூச்சு கேட்குதுன்னு நிம்மதியா இருந்துட்டேன். காலையில உன் முகத்தைப் பார்த்து நல்லபடியா போய்ட்டு வான்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

பீப்பிக்குக் கோபம் போய்விடவில்லை. போய்விட்டது என்று எழுதினால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். ஆனால் அந்தக் கோபத்தை எடுத்து யார் மேல் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவின் தோளில் கை வைக்கவும் தோன்றவில்லை, அங்கிருந்து போகவும் கால் வரவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பீப்பி... ஊதேன்."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள்தான் முதலில் எழுந்து நடந்தாள். கட்டில் விளிம்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையை அவர் மார்பில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்ன... புதுசா இருக்கு?" என்றார் அப்பா.

"சும்மா இருங்க. சத்தத்துல கேட்காது, கையில தெரியட்டும்" என்றாள் அம்மா. மகளைப் பார்க்காமல், "ஊதும்மா" என்றாள்.

பீப்பி மியூட் செருகாமல் ட்ரம்பெட்டை எடுத்தாள். காலையில் நின்றுபோன அதே பாட்டு. சுருதி கீழேதான் இருந்தது. ஒவ்வொரு சுரமும் கீழே இருப்பது அவளுக்கு நன்றாகக் கேட்டது. மூன்றாம் வரியில் மூச்சு போயிற்று, நின்று இழுத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். ஜன்னல் அதிர்ந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தன் உள்ளங்கையை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தாள். கை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

முடித்ததும் அப்பாவின் கன்னம் நனைந்திருந்தது. அவருக்குச் சுருதியெல்லாம் தெரியாது.

"அடேயப்பா" என்றார். "எட்டு மாடி இல்ல... பதினெட்டு மாடி ஏறும்டி இது." கொஞ்ச நேரம் எதையோ தேடினார். "நீ சொல்லுவியே... மாணவர் குழு. அந்தத் தேர்வு... எப்போ?"

அம்மா கண்ணைத் திறந்தாள்.

பீப்பி ட்ரம்பெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

"இன்னும் நாள் இருக்குப்பா."

"அப்ப... நானும் வரேன்."

"அவ்வளவு தூரம் எப்படிங்க?" என்றாள் அம்மா அவசரமாக.

"நடந்துதான். நாள்தான் இருக்குங்கறாளே... பழகிக்கறேன்."

அப்பாவுக்கு நடைப்பயிற்சி கொடுக்க வருகிற பெண் இரண்டு மாதமாகத் தினம் கெஞ்சியும், கொஞ்சியும், அதட்டியும் பார்த்துவிட்டாள். கட்டிலை விட்டு ஓரடி எடுத்து வைக்கமாட்டேன் என்று சாதித்த மனுஷர், போர்வையை விலக்கினார். காலைத் தரையில் ஊன்றினார். முழங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. அம்மா பதறிப்போய் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வாசல் வரைக்கும்... இன்னைக்கு வாசல் வரைக்கும்தான்" என்றார். "ஒண்ணு." மூச்சு வாங்கினார். "ரெண்டு."

அம்மா அவர் தோளுக்கு மேலாக மகளைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிறாளா, சொல்லிவிடு என்கிறாளா என்று பீப்பிக்குத் தெரியவில்லை. ட்ரம்பெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அவர் மூன்று என்று எண்ணிக் கையை நீட்டினார். பீப்பி ட்ரம்பெட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா வாங்கப்பா" என்றாள்.